பாக்கின் மெட்டு, தரங்கம்பாடியின் பாட்டு

(கடலூர் மாவட்டம் மங்களூரில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1705-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். ஒருவருக்கு வயது 20. ஆர்ன்ஷ்டாட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பது அவர் வேலை. நான்கு வாரம் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு, லூபெக் நகரத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே போனார். புக்ஸ்டெஹூட என்ற முதிய மேதையின் வாசிப்பைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். நான்கு வாரம் ஏறக்குறைய நான்கு மாதமாக நீண்டது.

இன்னொருவருக்கு வயது 23. ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் ஆணையை ஏற்று, 1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனில் ‘சோஃபியா ஹெட்விக்’ என்ற கப்பலில் ஏறினார். 1706 ஜூலை 9 அன்று அவர் வந்து இறங்கிய இடம், நம் சோழமண்டலக் கரையில் இருக்கும் தரங்கம்பாடி.

முதலாமவர் யோஹான் செபாஸ்டியன் பாக். இரண்டாமவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அந்த டிசம்பர் 2, 3 தேதிகளில் புக்ஸ்டெஹூட லூபெக் மரியாள் ஆலயத்தில் தம் புகழ்பெற்ற மாலை இசை நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தபோது, சீகன்பால்குவின் கப்பல் கடலில் மிதந்துகொண்டிருந்தது. இருவர் பாதையும் எங்கும் குறுக்கிடவில்லை. ஆனால் இருவரும் பிறந்து வளர்ந்தது ஒரே பாட்டு மரபில். அந்தப் பாட்டுகளை பாக் ஆர்கனில் ஏற்றினார். சீகன்பால்குவும் அவர் வழி வந்தவர்களும் தமிழில் ஏற்றினார்கள். இந்தச் சொற்பொழிவு சொல்ல வருவது இதைத்தான்: ஒரு சிற்றாலயத்தில் பரோக் கால ஆர்கன் இசை ஒலிக்கும்போது, அதன் நடுவில் இருக்கும் மெட்டு பலமுறை தமிழர்கள் முந்நூறு ஆண்டுகளாகப் பாடிப் பழகிய மெட்டாகவே இருக்கிறது. அதைக் காதால் பிடித்துக்கொண்டால் அந்த இசை முழுவதும் திறந்துகொள்ளும்.

பரோக் காலம் என்று இசை வரலாற்றில் குறிப்பது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தை. 1750 என்ற முடிவெல்லை பாக் மறைந்த ஆண்டை ஒட்டி வைத்தது. அவர் ஜூலை 28 அன்று காலமானார். அதே ஜூலை மாதம் ஜெர்மன் போதகர் சுவார்ட்ஸ் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் காப்பாளராக இருந்த அதே சுவார்ட்ஸ். ஆக, பாக் ஆர்கன் முன் உட்கார்ந்து எழுதிய காலமும், ஜெர்மன் பாட்டுகள் தமிழ்ச் சொற்களை உடுத்திக்கொண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே.

ஆர்கன் என்ற கருவியை முதலில் பார்த்துவிடுவோம். அதன் உயிர் காற்று. துருத்தி காற்றை அடைக்கிறது. அந்தக் காற்று ஒரு பெரிய மரப்பெட்டியில் ஒரே அழுத்தத்தில் நிற்கிறது. அந்தப் பெட்டியின் மேல் குழல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு குழலுக்குக் கீழே உள்ள அடைப்பான் திறக்கிறது, காற்று ஏறுகிறது, ஒலி பிறக்கிறது. கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை ஒலி குறையாமல் நிற்கும். பியானோவில் தட்டிய ஒலி உடனே தேயத் தொடங்கும்; ஆர்கனில் தேயாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே ஆர்கனுக்கு எழுதப்பட்ட இசையின் குணம் முழுவதும் பிறக்கிறது.

குழல்கள் இரண்டு வகை. புல்லாங்குழலைப் போல விளிம்பில் காற்று மோதி ஒலிப்பவை ஒரு வகை. உள்ளே ஒரு பித்தளை நாக்கு துடித்து ஒலிப்பவை மற்றொரு வகை. முதல் வகையில் குழலின் நீளம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. மிகத் தாழ்ந்த ‘சி’ சுரத்துக்கு 8 அடி நீளமுள்ள திறந்த குழல் வேண்டும். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போக 16 அடி. ஒவ்வொரு ஒலி நிறத்துக்கும் ஒரு முழுக் குழல் வரிசை உண்டு. பக்கவாட்டில் இருக்கும் குமிழை இழுத்தால் அந்த வரிசை பேசும். இந்தக் குமிழ்களுக்குத்தான் ‘ஸ்டாப்’ என்று பெயர். கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகள், கால்களுக்குத் தனியாக ஒரு மரக்கட்டை வரிசை. ஆக ஆர்கன் வாசிப்பவர் இரண்டு கைகளாலும் இரண்டு பாதங்களாலும் ஒரே நேரத்தில் நான்கு குரல்களை நடத்துகிறார்.

பாக் ஒரு புதிய ஆர்கனைச் சோதிக்க அழைக்கப்பட்டால் முதலில் என்ன செய்வார் என்பதை அவர் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் பதிவு செய்திருக்கிறார். எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்துவிட்டு முழுவீச்சில் வாசிப்பாராம். கருவிக்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பாராம். துருத்தி பலவீனமாக இருந்தால் அந்த நொடியிலேயே ஒலி தள்ளாடும். கருவி செய்தவர்கள் அதைக் கேட்டே வெளிறிப்போவார்களாம். மின்விசிறி இல்லாத காலம் அது. துருத்தியை மிதிப்பதற்கென்றே ஆட்கள் கருவியின் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு பரோக் ஆர்கன் கச்சேரிக்கும் பின்னால் பெயரில்லாத சில கால்களின் உழைப்பு இருந்தது.

இந்த மாவட்டத்து விருத்தாசலத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்குச் சுடுமண்ணும் பீங்கானும் கைவந்த தொழில். பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் பயிலகமே அந்த ஊரில் இருக்கிறது. அவர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு செய்தி: சீகன்பால்கு பிறந்த சாக்சனி நாட்டில்தான் ஐரோப்பாவின் முதல் கெட்டிப் பீங்கான் ஆலை 1710-இல் மைசன் நகரில் தொடங்கியது. அதே சாக்சனியில், மைசனிலிருந்து அதிக தூரமில்லாத ஃபிரைபெர்க் நகரில், காட்ஃபிரீட் ஸில்பர்மான் 1714-இல் தம் பெரிய ஆர்கனைக் கட்டி முடித்தார். மூன்று கட்டை வரிசைகள், 44 ஸ்டாப்புகள். அது இன்றும் ஒலிக்கிறது. பீங்கான் செய்பவர் மண் சூளையில் எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்கிட்டு அச்சு வெட்டுகிறார். ஆர்கன் செய்பவர் ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி, நீண்ட மேசையில் ஊற்றித் தகடாக்கி, குழலாகச் சுருட்டி, வாயை மயிரிழை அளவு திறந்தும் மூடியும் சுருதி சேர்க்கிறார். இரண்டிலும் சிறிய அளவுப் பிழை பெரிய கெடுதலாகும்.

இனி அந்தப் பாட்டுகளுக்கு வருவோம்.

மார்ட்டின் லூத்தர் 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, சபையார் எல்லோரும் தங்கள் தாய்மொழியில் சேர்ந்து பாட வேண்டும் என்றார். அதற்காக எழுந்த பாட்டுகளுக்குக் ‘கோரால்’ என்று பெயர். எளிய மெட்டு, வரிக்கு வரி நிறுத்தம், குழந்தையும் முதியவரும் பாடக்கூடிய எல்லைக்குள் சுரங்கள். ஒரு ஜெர்மன் சிற்றூரில் பிறந்தவர் நூற்றுக்கணக்கான கோரால்களை மனப்பாடமாக வைத்திருப்பார். ஆராதனையில் பாட்டு தொடங்குமுன் ஆர்கன் வாசிப்பவர் அந்த மெட்டை வைத்து ஒரு முன்னிசை வாசிப்பார். சபை மெட்டை நினைவுகூரவும், பாட்டின் உணர்வுக்குள் நுழையவும் அது உதவும். அதுதான் கோரால் முன்னிசை. பாக்கின் ஆர்கன் படைப்புகளில் பெரும்பகுதி இதுவே.

லூபெக்கிலிருந்து திரும்பிய இளைஞர் பாக்கை ஆர்ன்ஷ்டாட் திருச்சபை மன்றம் 1706 பிப்ரவரியில் விசாரித்தது. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்பது ஒரு கேள்வி. இன்னொரு புகாரும் இருந்தது: கோராலுக்குள் வினோதமான மாற்றங்களையும் புதிய சுரங்களையும் கலந்து சபையைக் குழப்புகிறார் என்று. அந்தப் புகார் இன்றைக்கு நமக்கு ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது. சபைக்கு மெட்டு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் மாற்றம் காதில் விழுந்தது. பாக் எழுதியது, மெட்டு தெரிந்த காதுகளுக்கு.

அந்த மெட்டுகளில் ஒரு பகுதி கப்பலேறியது. ஹாலேயில் ஃபிரைலிங்ஹவுசன் 1704-இல் ஒரு பெரிய பாட்டுநூலை வெளியிட்டிருந்தார். அங்கே படித்தவர்கள் அந்தப் பாட்டுகளோடுதான் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். சீகன்பால்கு தமிழ் கற்றார், பள்ளிகள் வைத்தார், அச்சுக்கூடம் நிறுவினார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. ஜெர்மன் மெட்டுகளுக்கு எழுதிய தமிழ்ப் பாட்டுகளும் அச்சாயின. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் தரங்கம்பாடியில் எழுந்தது. பின்னால் வந்த ஃபப்ரீசியஸ் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு மேலும் பல பாட்டுகளைத் தமிழாக்கினார். லூத்தரன் சபைகளில் இவற்றை ஞானப்பாட்டுகள் என்கிறார்கள். மற்ற புராட்டஸ்டண்ட் சபைகளின் பாமாலையிலும் பல உண்டு.

சினிமாவில் மெட்டுக்குப் பாட்டெழுதுவது என்று சொல்வோமே, அவர்கள் செய்தது அதையேதான். மெட்டு முன்பே இருக்கிறது; அதன் அளவுக்குள் தமிழ்ச் சொற்களை உட்கார வைக்க வேண்டும். ஜெர்மனில் சொல்லழுத்தம் முக்கியம். தமிழில் குறிலும் நெடிலும் முக்கியம். நெடில் விழ வேண்டிய இடத்தில் மெட்டு வேகமாக ஓடும். குறிலில் போய் நீண்டு நிற்கும். இதனால் பழைய ஞானப்பாட்டுகள் சில இடங்களில் தமிழ்க் காதுக்கு உறுத்தும். அந்த உறுத்தலிலிருந்தும் ஒரு செழுமை பிறந்தது: சுவார்ட்ஸிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார், 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். இன்று தமிழ்ச் சபைகள் இரண்டையும் பாடுகின்றன. ஒரே ஆராதனையில் சாஸ்திரியாரின் கீர்த்தனையும், பாக் அறிந்திருந்த கோராலும் அடுத்தடுத்து ஒலிக்கும்.

இந்தப் போக்குவரத்து கிறிஸ்தவர்களோடு மட்டும் நின்றதும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையைச் சார்ந்த ஐரோப்பிய வாத்தியக் குழுக்களின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். ஆர்கன் இன்னும் முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது: கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு ஆர்கன் அக்பர் அவையில் காட்டப்பட்டதை வரலாற்றாசிரியர் பதாயூனி வியப்போடு எழுதியிருக்கிறார்.

ஒரே ஒரு மெட்டை எடுத்து அதன் முழுப் பயணத்தையும் பார்ப்போம்.

1601-இல் நியூரெம்பெர்க்கில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் ஒரு பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒன்று காதல் பாட்டு. ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்கும் இளைஞனின் பாட்டு. மெட்டு மக்கள் நாவில் நின்றது. விரைவிலேயே அது மரணத்தை எதிர்கொள்ளும் ஒரு பக்திப் பாட்டுக்கு மெட்டானது. 1656-இல் பவுல் கெர்ஹார்ட், சிலுவையில் தொங்கும் இயேசுவின் தலையை நோக்கிப் பாடும் பாட்டை அந்த அளவில் எழுதினார். பாக் அதை மத்தேயு திருப்பாடுகள் இசையில் ஐந்து முறை கொண்டுவந்தார். அடியில் இருக்கும் சுரக்கோவை பல இடங்களில் மாறும், மெட்டு மாறாது. அதே மெட்டில் ஆர்கனுக்காக ஒரு சிறு கோரால் முன்னிசையும் எழுதினார்; பாக் படைப்புகளின் பட்டியலில் அதன் எண் 727.

அதே மெட்டு தமிழில் ‘இரத்தம் காயம் குத்தும்’ என்ற ஞானப்பாட்டாக வாழ்கிறது. பெரிய வெள்ளியன்று தரங்கம்பாடியிலும் திருநெல்வேலியிலும் சென்னையிலும் சபைகள் அதைப் பாடுகின்றன. யாழ்ப்பாணத்து மேடை நாடகமோ மதுரைக் கச்சேரியோ அறியாத ஒரு ஹாஸ்லர் எழுதிய காதல் மெட்டு, தமிழ்ப் பாட்டியின் துக்கப் பாட்டாக வந்து நின்றிருக்கிறது. அந்தப் பாட்டி ஒரு ஆர்கன் நிகழ்ச்சிக்கு வந்து 727-ஆம் எண் முன்னிசையைக் கேட்டால், மேல்குரலில் மெல்ல அலங்கரித்து நகரும் மெட்டை முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிடுவார். மேலைச் செவ்வியல் இசை கற்ற சில இளைஞர்களுக்கு அதற்குப் பிறகுதான் பிடிபடும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த இசையின் இலக்கணமே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

சரி, ஒரு சிற்றாலயத்தில் ஆர்கன் நிகழ்ச்சி எப்படி இருக்கும்? மற்றக் கச்சேரிகளோடு ஒப்பிட்டால் முதலில் கண்ணில் படுவது, கலைஞர் கண்ணில் படாததுதான். ஆர்கன் பெரும்பாலும் பின்புற மாடத்தில் இருக்கும். கேட்பவர்கள் பீடத்தை நோக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஒலி முதுகுப்பக்கமிருந்து எழுந்து, கூரையில் பட்டு, முன்னால் வந்து இறங்கும். கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர்கள் ஒலியை உடனே விழுங்குவதில்லை. ஒரு சுரம் நின்ற பிறகும் அதன் எதிரொலி அடுத்த சுரத்தோடு கலந்து நிற்கும். நல்ல ஆர்கன் கலைஞர் அந்தக் கட்டடத்தையும் சேர்த்தே வாசிக்கிறார். எதிரொலி நீண்ட இடத்தில் வேகத்தைக் குறைப்பார், சுரங்களுக்கிடையில் இடைவெளி விடுவார்.

தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு டொக்காட்டா இருக்கும். விரல்கள் கட்டைகள் மேல் மின்னலாக ஓடும் சுதந்திரமான வடிவம் அது. உலகமே அறிந்தது டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும், பட்டியல் எண் 565. பேய்ப்படங்களில் வந்து வந்து அதற்கு ஒரு பயமுறுத்தும் பெயர் வந்துவிட்டது. ஆலயத்தில் நேரில் கேட்டால் அது இளமையின் துள்ளலாகவே இருக்கும்.

ஃபியூக் என்பது பரோக் காலத்தின் மகுடம். ஒரு குரல் தனியாக ஒரு சிறு மெட்டைச் சொல்லித் தொடங்கும். அது முடியும்போது இரண்டாவது குரல் அதே மெட்டோடு வேறொரு சுருதியில் நுழையும். முதல் குரல் நிற்காமல் வேறொன்றைப் பாடிக்கொண்டிருக்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. கடைசியாகப் பாதக்கட்டைகளில் அதே மெட்டு அடிநாதமாக இறங்கும்போது தரை அதிர்வது தெரியும். எல்லாக் குரலும் சமம். ஒன்று பாட மற்றவை துணை நிற்பது என்பது இங்கே இல்லை. கர்நாடக இசையில் ஒரு ராகத்தின் ஒற்றை வரி நுணுக்கமாக விரிவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிய பயிற்சி. முதலில் ஒரு குரலை மட்டும் பின்தொடர வேண்டும். இரண்டாம் முறை கேட்கும்போது இன்னொன்றை.

நடுவில் வருபவை கோரால் முன்னிசைகள். வைமர் நகரில் அரண்மனை ஆர்கன் கலைஞராக இருந்தபோது பாக் ஒரு சிறுநூலைத் தொடங்கினார். திருச்சபை ஆண்டு முழுவதற்குமான 164 கோரால்களின் தலைப்புகளை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதி வைத்தார். முடித்தது 46 மட்டுமே. மற்றப் பக்கங்கள் வெறுமையாக நிற்கின்றன. தொடக்கநிலை மாணவர் ஒரு கோராலை எப்படி விரிப்பது, பாதக்கட்டைகளை எப்படிப் பழகுவது என்று கற்பதற்கான நூல் அது. பாடநூலாக எழுதியதே உலக இசையின் உச்சமாக நிற்கிறது. அதில் ஒரு முன்னிசை, பட்டியல் எண் 639, தர்கோவ்ஸ்கியின் ‘சொலாரிஸ்’ (1972) திரைப்படத்தில் வரும். திரைப்பட விழாக்களில் அதைக் கேட்டுக் கண் கலங்கிய தமிழ் ரசிகர்கள் பலர், தாங்கள் கேட்டது ஒரு ஜெபப் பாட்டு என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1599-இல் ஃபிலிப் நிக்கோலாய் வெளியிட்ட ஒரு கோரால், நள்ளிரவில் மணவாளன் வருகிறான், விழித்துக்கொள்ளுங்கள் என்று காவலர் கூவும் பாட்டு. ஊன்னா என்ற ஊரில் அவர் போதகராக இருந்தபோது கொள்ளைநோய் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அந்தச் சாவுகளுக்கு நடுவில் பிறந்த நம்பிக்கைப் பாட்டு அது. பாக் அதை ஆர்கனுக்கு அமைத்தபோது (எண் 645) வலது கைக்கு முற்றிலும் வேறான ஒரு நடன மெட்டைக் கொடுத்தார். அது பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நடுக்குரலில், எக்காள நிறத்தில், பழைய கோரால் வரி ஒன்று வந்து நிற்கும், போகும், சிறிது கழித்து அடுத்த வரி வரும். கோராலை அறியாதவருக்கு அது ஒரு இனிய நடன இசை. அறிந்தவருக்கு, ஊர் ஆடிக்கொண்டிருக்கையில் காவலன் தெருவில் வந்து கூவுவது கேட்கும்.

நிகழ்ச்சியின் இறுதியில் சி மைனர் பாஸகாலியா (எண் 582) வைப்பார்கள். பாதக்கட்டைகள் மட்டும் தனியாக எட்டு மாத்திரைப் பிரிவுகள் கொண்ட ஒரு மெட்டைச் சொல்லும். அதன்பின் அந்த மெட்டு திரும்பத் திரும்ப வர, மேலே இருபது மாற்றுருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பும். முடிவில் அதே மெட்டிலிருந்து ஒரு ஃபியூக் பிறக்கும். அந்த மெட்டின் முதல் பாதி பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் ஆந்த்ரே ரெசோனுடையது. பிறருடைய சிறு விதையை வாங்கி மரமாக்குவது பாக்குக்கு வழக்கம்.

இந்த இசையைத் தமிழ் மண்ணில் உயிரோடு வைத்திருந்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1821-இல் திறக்கப்பட்டது. தாமஸ் டி ஹவிலண்ட் என்ற பொறியாளர், சதுப்பான அந்த நிலத்தில் கிணறு இறக்கும் நம்மூர் முறையைக் கையாண்டு அடித்தளம் போட்டார். மேலே 16 தூண்கள் தாங்கும் வட்டக் குவிமாடம். அங்கே இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த பீட்டர் கோனாக்கர் நிறுவனம் செய்த குழலார்கன் 1883-இல் நிறுவப்பட்டது. பல பத்தாண்டுகள் அதன் முன் உட்கார்ந்தவர் ஹாண்டெல் மானுவேல். ஹாலேயில் பிறந்த இசைமேதை ஹாண்டெலின் பெயரையே தாங்கியவர். பாடகர் குழுக்களைப் பயிற்றுவித்தார். 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் பாடகர் குழுவை வழிநடத்தினார். வானொலியில் மேலை இசையைக் கொண்டுவந்தார். அவர் கையில் வளர்ந்தவர்கள் இன்றும் சென்னையின் ஆலயங்களிலும் பாடகர் குழுக்களிலும் இருக்கிறார்கள்.

சினிமாவும் தன் பங்கைச் செய்திருக்கிறது. இளையராஜாவுக்குத் தன்ராஜ் மாஸ்டர் மேலை இசையைக் கற்றுக்கொடுத்தார். 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்த்தீட்டாவின் முன்னிசை வருகிறது. பாக்கையும் தியாகராஜரையும் ஒரே கூரையின் கீழ் சந்திக்க வைத்தது அந்தத் தொகுப்பு. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் பாக்கை வீட்டு விருந்தாளியாக வரவேற்றிருக்கும்போது, இந்த இசை நகரத்து மேட்டுக்குடிக்கு மட்டும் உரியது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் கருவிகளின் நிலை கவலை தருவது. குழலார்கன் தோல், மரம், ஈயம் ஆகியவற்றால் ஆனது. கடற்கரை ஈரம் மரத்தை உப்ப வைக்கும். கோடை தோலை வெடிக்க வைக்கும். கரையானுக்கு அது விருந்து. ஒரு துருத்தித் தோல் கிழிந்தால் கருவி முழுவதும் மூச்சுவாங்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. விசைப்பலகை ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம் கிராமத்து ஆலயங்களிலிருந்து எப்படி மறைந்ததோ, அப்படியே இந்தக் குழலார்கன்களும் ஊமையாகிவிடக் கூடாது. ஊமையான ஆர்கன் வெறும் அலங்கார அலமாரி.

ஆல்பர்ட் ஷ்வைட்சரை இங்கே நினைக்கலாம். பாக்கைப் பற்றி 1905-இல் பெரும் நூல் எழுதிய ஆர்கன் கலைஞர் அவர். மருத்துவம் படித்து, 1913-இல் ஆப்பிரிக்காவின் லாம்பரெனேக்குப் போய் மருத்துவமனை கட்டினார். அதற்கான பணத்துக்காக ஐரோப்பா வந்து ஆலயங்களில் ஆர்கன் வாசித்தார். 1952-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் பழைய ஆர்கன்களைக் காப்பாற்ற வேண்டும், அவற்றை இடித்துத் தொழிற்சாலைக் கருவிகளை வைக்கக் கூடாது என்று வாதாடியவரும் அவரே. ஒரு ஆர்கனைக் காப்பாற்றுவதும் ஒரு நோயாளியைக் காப்பாற்றுவதும் அவருக்கு எதிரெதிர் வேலைகளாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதில்லை. குழலார்கன் உள்ள ஆலயங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்து, கட்டணமின்றி ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். மரவேலையும் தோல்வேலையும் அறிந்த நம் கைவினைஞர்கள் சிலருக்கு ஆர்கன் பராமரிப்பைக் கற்றுத்தரலாம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி கட்டத் தெரிந்த கைகளுக்கு ஆர்கன் குழலின் நாக்கைச் சீராக்கக் கற்றுக்கொள்வது கடினமாக இராது. பாடகர் குழுப் பிள்ளைகளில் இருவர் மூவரையாவது பாதக்கட்டைகளில் உட்கார வைக்கலாம்.

நிகழ்ச்சி நிரலை அமைப்பதில் ஒரு சிறு மாற்றம் போதும். இப்போது நிரல்தாளில் ஜெர்மன் தலைப்பும் பட்டியல் எண்ணும் மட்டும் இருக்கும். கேட்பவர் முன்பே அஞ்சிவிடுவார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கோரால் முன்னிசைக்கும் நேராக அதன் தமிழ் ஞானப்பாட்டின் எண்ணையும் பெயரையும் அச்சிட வேண்டும். ஆர்கன் தொடங்குமுன் பாடகர் குழு அந்தப் பாட்டின் முதல் அடியைத் தமிழில் பாட வேண்டும். விரும்பியவர்கள் சேர்ந்து பாடலாம். உடனே ஆர்கன் கலைஞர் பாக்கின் முன்னிசையை வாசிக்க வேண்டும். வரிசையை மட்டும் திருப்பிவைத்தால் ஆர்ன்ஷ்டாட்டிலும் வைமரிலும் நடந்த வழக்கமே இது; அங்கே முன்னிசை முதலில், பாட்டு பின்னால். முதல் நிகழ்ச்சிக்கு ஐந்து பாட்டுகள் போதும். ‘இரத்தம் காயம் குத்தும்’ பாட்டும் 727-ஆம் எண் முன்னிசையும் அதில் முதலாவதாக இருக்கட்டும். தரங்கம்பாடியோ சென்னையோ, இடம் எதுவானாலும், வரும் பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரத்தில் அதை நடத்தத் தொடங்கலாம்.